வாயில் வெள்ளைத் திட்டு, கையில் ரத்த ரிப்போர்ட்: எங்கிருந்து தொடங்குவது?

போன வருடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். "ரெண்டு வருஷமா தயிர் சாதம்தான் டாக்டர். ரசம் ஊத்தினாக்கூட வாய் தீயா எரியுது" என்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஹீமோகுளோபின் 9.8. பி12 அளவு 148. இரண்டுக்கும் பக்கத்தில் லேப்காரர் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"பாக்கு, புகையிலை பழக்கம் உண்டாண்ணே?"

"அதெல்லாம் கிடையாது டாக்டர். ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராம இருக்க மாவா மட்டும் போடுவேன்."

மாவாவில் இருப்பது சீவிய பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும். அவர் வாய்க்குள் இரண்டு விரல்தான் போனது. கன்னத்தின் உட்புறம் வெளிறிப்போய், தடவினால் நாண் மாதிரி இறுக்கம் தட்டுப்பட்டது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த ரத்தக் குறைவைச் சரி பண்ணிட்டா வாய் திறந்துடுமா?"

பல் மருத்துவரான என்னிடம் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது வருகிறது. வாயில் ஏதோ திட்டு இருக்கிறது, யாரோ ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்துவிட்டார்கள், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை கண்ணாடி முன்னால்

தாளை மேசையில் வைத்துவிட்டு, பகல் வெளிச்சத்திலோ செல்போன் டார்ச்சிலோ வாயைப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னங்கள், ஈறு, மேலண்ணம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நாக்கை ஒரு சுத்தமான துணியால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து அதன் ஓரங்களைப் பாருங்கள். அப்புறம் நாக்கைத் தூக்கி அடியில். பலர் நாக்கின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். தொல்லை பெரும்பாலும் ஓரத்திலும் அடியிலும் கன்னத்திலும்தான் ஒளிந்திருக்கும்.

நான்கு விஷயங்களைத் தேடுங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று. மருத்துவர்கள் இதை லியூகோபிளேக்கியா என்பார்கள். தயிர் ஆடை போலத் துடைத்தால் வந்துவிடுவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அது வேறு கதை. இரண்டாவது, வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு. வெள்ளையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் சிவப்பை 'சூடு' என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வெள்ளையைவிடச் சிவப்புதான் அதிக ஆபத்தானது. மூன்றாவது, வலை பின்னியது போன்ற மெல்லிய வெள்ளைக் கோடுகள்; அது லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். நான்காவது, ஓட்டுநர் அண்ணனுக்கு இருந்தது: வாய் இறுக்கம். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர்.

இறுக்கத்தைச் சோதிக்க உங்கள் கையே போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே விட்டுப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விசிலடிக்க வரவில்லை, பிள்ளைக்குப் பலூன் ஊதிக்கொடுக்க முடியவில்லை என்பதும் இதே செய்திதான்.

இவற்றில் ஒன்று இருப்பதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. எல்லாம் புற்றுநோயாக மாறும் என்பதும் இல்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் வாய் இறுக்கம் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. இதைப் படித்துவிட்டு அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு, தூக்கம் தொலைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எந்தத் திட்டோ புண்ணோ நின்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

'ஃபுல் பாடி பேக்கேஜ்' என்று எழுபது எண்பது பரிசோதனைகளைக் கட்டிக்கொடுப்பார்கள். வாய்த் திட்டுக்காக அதெல்லாம் தேவையில்லை. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் ஆகிய நான்கும் கிடைத்தால் முக்கால்வாசிக் கதை தெரிந்துவிடும். கூடவே சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது. திசு எடுக்கவோ சிகிச்சை தொடங்கவோ எப்படியும் அதைக் கேட்பார்கள்.

காலையில் போங்கள். சீரம் இரும்பு, துத்தநாகம் போன்றவை நாளின் பொழுதுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். முந்தின நாள் இரும்பு மாத்திரை போட்டிருந்தால் சீரம் இரும்பு பொய்யாக உயர்ந்து காட்டும். பி12 ஊசி போட்டுக்கொண்டு வந்து பி12 பார்ப்பதிலும் பயன் இல்லை. வாரக்கணக்கில் அளவு உயர்ந்தே இருக்கும். இன்னொன்று: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது கணக்கையே குழப்பும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எழுதி வையுங்கள். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், 'கேஸ் மாத்திரை' என்று தினமும் ஒமிப்ரசோல் வகை போடுகிறவர்களுக்கும் பி12 குறைந்திருப்பது சகஜம்.

தாளைப் படிக்கும் வரிசை

முதலில் ஹீமோகுளோபின். பெரியவர்களில் ஆண்களுக்கு 13-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் ஊரில் இது அபூர்வம் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே வாயில் திட்டு உள்ள ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10 என்றால், திட்டு இல்லாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் 10 இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண் குறைந்திருப்பதாலேயே அதுதான் திட்டுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

அடுத்து அதே தாளில் எம்.சி.வி. என்ற எண். சிவப்பணுவின் பருமன் அது. 80-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. 100-க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலேட் மேல் சந்தேகம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்திருந்தால் ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும். சராசரி 88 என்று அழகாக வந்து நிற்கும். எம்.சி.வி.-க்குப் பக்கத்தில் எந்த வட்டமும் இருக்காது. ஓட்டுநர் அண்ணனுக்கு இதுதான் நடந்திருந்தது. பக்கத்தில் ஆர்.டி.டபிள்யூ. என்று ஒன்று இருக்கும். அணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்று அது சொல்லும். எம்.சி.வி. சரியாக இருந்து ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்புக் கணக்கு. 15-க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் காய்ச்சலோ, ஈறு வீங்கிச் சீழ் பிடித்த நிலையோ, உடலில் வேறு அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது 40 என்று வந்தாலும் உள்ளே இரும்பு குறைந்திருக்கலாம். அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. பரிசோதனையைச் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

பி12 அளவு 200-க்குக் கீழே குறைவு. 200 முதல் 300 வரை இரண்டும் கெட்டான். நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிந்தால், கை கால் மரத்துப்போனால், அந்த இரண்டும் கெட்டான் எண்ணையும் மருத்துவர் குறைவாகவே எடுத்துக்கொள்வார். ஃபோலேட்டைத் தனியாகப் பேச வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர: பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

வைட்டமின் ஏ? இதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். ரத்தத்தில் வைட்டமின் ஏ இருக்கும் வடிவமான ரெட்டினாலை ஈரல் கட்டுக்குள் வைத்திருக்கும். ஈரலின் சேமிப்பு கிட்டத்தட்டத் தீரும்வரை ரத்தத்தில் அளவு குறையாது. தாளில் 'நார்மல்' என்று வருவதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. காசு மிச்சம்.

செம்புக்கும் இதே கதிதான், ஆனால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாய் இறுக்கம் உள்ளவர்களின் ரத்தத்தில் செம்பு கூடியும், துத்தநாகமும் இரும்பும் குறைந்தும் இருப்பதாக இந்திய ஆய்வுகள் பல சொல்கின்றன. காரணம் பாக்கு. கொட்டைப்பாக்கில் செம்பு அதிகம். வாயில் அடக்கிவைத்து மெல்லும்போது அது எச்சிலில் கரைந்து கன்னத் திசுவுக்குள் போகிறது. கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போடும் ஒரு நொதிக்குச் செம்பு தேவை. செம்பு கூடக் கூட முடிச்சும் இறுகுகிறது. பாக்கில் உள்ள அரிகோலின் புதிய நார்களை உண்டாக்கத் தூண்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து மெத்தென்ற கன்னத்தைத் தோல்வார் ஆக்கிவிடுகின்றன. இதைச் சொன்னதும் பலர் கேட்பது, "அப்போ செம்புக் குடத்துத் தண்ணியை நிறுத்திடவா?" குடம் இருக்கட்டும். பாக்கை நிறுத்துங்கள்.

எண் குறைந்தது முன்னாலா, பின்னாலா?

இரும்பு குறைந்தால் வாயின் உள்தோல் மெலிந்துபோகும் என்பது உண்மை. அந்தத் தோல் சில நாட்களுக்கொருமுறை புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பது. அதற்கு இரும்பும் பி12-உம் ஃபோலேட்டும் வேண்டும். மெலிந்த தோலுக்குள் பாக்குச் சாறும் புகையிலை நஞ்சும் சுலபமாக இறங்கும். ஸ்வீடன் நாட்டின் வடபகுதிப் பெண்களிடம் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. நீண்டகால இரும்புக் குறைவால் விழுங்கச் சிரமப்பட்டவர்களுக்குத் தொண்டையிலும் வாயிலும் புற்றுநோய் அதிகமாக வந்தது. பிளம்மர்-வின்சன் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் நோய் அதுதான். உணவு மேம்பட்டு, மாவில் இரும்பு சேர்க்கத் தொடங்கிய பின் அது அரிதாகிவிட்டது.

ஆனால் நம்மூர் ஓட்டுநரின் தாளை அப்படியே அந்தக் கதைக்குள் பொருத்திவிட முடியாது. அவருக்கு வாய் எரிந்ததால் ரசம் போனது, குழம்பு போனது, கீரை போனது, கறியும் போனது. வாய் திறக்காததால் கடித்துச் சாப்பிடுவதெல்லாம் போனது. இரண்டு வருடம் தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டால் யாருக்கும் ஹீமோகுளோபின் இறங்கும். நோய் சத்தைக் குறைத்திருக்கலாம். குறைந்த சத்து நோய்க்கு இடம் கொடுத்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வந்திருக்கலாம். நோய் வந்தபின் எடுத்த ஒரே ஒரு ரத்தத்தை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. புகை பிடிப்பவர்களுக்கும் மெல்லுபவர்களுக்கும் வைட்டமின் சி, கரோட்டின் அளவு குறைந்திருப்பதும் இதே சிக்கல்தான். அவர்கள் காய்கறி குறைவாகச் சாப்பிடுவதாலா, புகையே அதைத் தின்றுவிடுவதாலா? இரண்டுமே உண்டு.

சந்தேகமே இல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே எச்சரித்துவிட்டது. 2004-இல் வெளியான அறிக்கையில், புகையிலையே சேராத வெறும் பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டும்போது நான் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொள்வேன். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பழகிவிட்டது.

குறைவைச் சரிசெய்வது

காரணம் எதுவாக இருந்தாலும், குறைந்ததை ஏற்றத்தான் வேண்டும். வாய் எரிச்சல் தணிந்து சாப்பாடு இறங்கத் தொடங்குவதே பெரிய லாபம்.

இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் போடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்; சிலருக்கு அப்படிப் போட்டால் நன்றாக உறிஞ்சப்படுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. மலம் கறுப்பாகப் போகும், அது சகஜம். டீ, காபியை மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்வது பத்தில் இரண்டு பேர். ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. கிடங்கு நிரம்ப மேலும் மூன்று மாதம்போல் ஆகும்.

ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்திருந்தால், மாத்திரையோடு கதையை முடிக்கக் கூடாது. மூலமோ, வயிற்றுப் புண்ணோ, குடலில் வேறு ஏதாவதோ, எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பொது மருத்துவரிடம் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில், எரியும் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். மிளகாய் போடாத முருங்கைக்கீரை மசியல், குழைய வேகவைத்த பருப்பு, கம்பங்கூழ், அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மத்தி மீன். அசைவக்காரர்களுக்கு ஆட்டு ஈரல் ஒன்றிலேயே இரும்பு, பி12, வைட்டமின் ஏ மூன்றும் உண்டு; கர்ப்பிணிகள் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது. சைவக்காரர்கள் பாலையும் தயிரையும் மட்டும் நம்பிக் குறைந்துபோன பி12-ஐ ஏற்றுவது கடினம், மாத்திரையோ ஊசியோ வேண்டியிருக்கும். நெல்லிக்காய், கொய்யா போன்றவை இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும், ஆனால் புளிப்பு எரியும். கொய்யாவை விதை நீக்கிக் கூழாக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

வைட்டமின் மாத்திரையால் திட்டு கரையுமா?

கரைந்தது. அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

கேரளத்தில் வெள்ளைத் திட்டு இருந்த 160 மீனவ ஆண்கள், பெண்களிடம் ஓர் ஆண்டு சோதனை நடந்தது. முடிவு 1997-இல் வெளியானது. வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் திட்டு முழுதாக மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம்தான். இதுவரை கேட்டால் மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் வைட்டமின் ஏ-யை நிறுத்திய பிறகு, மறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திட்டு திரும்பிவிட்டது. கொடுத்த அளவும் சாதாரணமானது அல்ல: வாரத்துக்கு 3 லட்சம் யூனிட். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அதைச் சாப்பிட்டால் ஈரல் கெடலாம். கர்ப்பிணி சாப்பிட்டால் கருவுக்குக் குறை வரலாம்.

பீட்டா கரோட்டினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், அதை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. முடிவு வெளியான ஆண்டு 1994. கேரட்டும் பப்பாளியும் சாப்பிடுவது வேறு, அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு.

என்னிடம் வந்த ஒரு அம்மா, நாக்கின் ஓரத்தில் இருந்த திட்டுக்கு எட்டு மாதம் சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். பி12 அருமையாக ஏறியிருந்தது. திட்டில் பாதி சிவந்து கெட்டியாகியிருந்தது.

பயாப்சி

அதனால்தான் சொல்கிறேன்: திட்டு எப்படிப்பட்டது என்பதை ரத்தம் சொல்லாது, திசுதான் சொல்லும். பயாப்சி என்றதும் பயப்படுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். பத்து நிமிட வேலை. 'கத்தி பட்டால் பரவும்' என்பதில் உண்மை இல்லை. தாளில் 'டிஸ்பிளேசியா' (செல்கள் இயல்பு மாறியிருப்பது) என்ற சொல் இருக்கிறதா, இருந்தால் லேசா, நடுத்தரமா, கடுமையா என்று கேளுங்கள். அடுத்து என்ன செய்வது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்ததுதான்.

ரத்தசோகை இருப்பதால் பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மிக அதிகமாக உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் பணம் இல்லை, லேபுக்குப் போகவில்லை என்றாலும் வாயைக் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை இலவசம். பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஓட்டுநர் அண்ணனுக்குப் பயாப்சியில் டிஸ்பிளேசியா இல்லை. மாவாவை மூன்றாவது முயற்சியில் விட்டார். பி12 ஊசி, இரும்பு, வாய்ப் பயிற்சி என்று நான்கு மாதம் போனது. பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே நிறுத்தி, வாரம் ஒரு குச்சி சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஹீமோகுளோபின் 12.6 ஆனது, ரசம் இறங்குகிறது, ஊறுகாய் இன்னும் இல்லை. இறுகிய நார் பழையபடி இளகாது என்று அவருக்கும் தெரியும். கடைசியாக வந்தபோது லாரியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டை எடுத்துவந்து மேசையில் வைத்து எண்ணிக் காட்டினார். பதினான்கில் தொடங்கியவர் பத்தொன்பதுக்கு வந்திருந்தார்.